வல்லை வெளியில் நூற்றெழுபத்திரண்டு இறாத்தல்

மகனே,

நான் சுகமாக இருக்கிறேன், இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இடத்தைத் தவிர. அந்த ஒரு சாணுக்காக இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் இருந்துதான் இதை எழுதுகிறேன். ஆவணியில் உன் கலியாணத்துக்கு வரும்போது ஓடித்திரிய ஸ்கூட்டரை ஆயத்தப்படுத்தச் சொல்லி எழுதியிருந்தாயே, அதில் வந்த வினை. நான் ஓய்வு பெற்று, நீயும் அரபு நாட்டுக்குப் போன நாளிலிருந்து மூன்று வருஷமாகச் சாக்கு மூடிக் கிடந்ததைத் துடைத்து, ரயருக்குக் காற்றடித்து, பெற்றோலில் எண்ணெய் கலந்து விட்டு உதைத்தேன். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. நீ வேலை பழகின இராசையா அண்ணையின் கராச்சில் ஒருக்கால் காட்டுவோம் என்று கரவெட்டியிலிருந்து சுன்னாகம் மட்டும் நல்லபிள்ளையாகத்தான் ஓடிப்போனேன். சந்தையடியில் பழைய கூட்டாளிகள் கண்டுவிட்டார்கள். தேத்தண்ணி குடித்து, கதைத்து, வெளிக்கிடும்போது எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓய்வு பெற்ற மனிதன் கொஞ்சம் எடுப்பாகப் போக ஆசைப்பட்டால் பிழையா? முறுக்கிக்கொண்டு கிளச்சை விட்டேன். ஸ்கூட்டர் போனது. நான் போகவில்லை.

நான் இருந்த இடம் ஒரு பூசணிக்காய்க் குவியல். அதற்குச் சொந்தக்காரி ஒரு பெண்பிள்ளை, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, பூசணிக்காய் வாங்க வந்தனீங்களோ, அடைகாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டாள். என்னோடு இருபது வருஷம் வேலை செய்த செல்லத்துரை தூக்கிவிட வரவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, "உவர் அந்த நாளிலை வெங்காயத்தைத் தராசிலை வைச்சு நிறுத்தவர். இப்ப பூசணிக்காயை இருந்தே நிறுக்கிறார்" என்று சொன்னான். சந்தை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி இல்லை. ஆனால் நான் இதை எழுதுவது விழுந்த கதை சொல்ல இல்லை. ஸ்கூட்டர் போய் மதகில் மோதி விழுந்ததில் பக்க மூடி கழன்று, அதற்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய நீல மட்டைக் கொப்பி ஒன்று வெளியே வந்தது. உன் கையெழுத்து. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்ததிலிருந்து எனக்கு இடுப்பு நோவே பெரிதாகத் தெரியவில்லை.

அந்த ஸ்கூட்டர் நம்மிடம் வந்த கதை உனக்குத் தெரியும். ஒரு மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரிடம் வாங்கியது. அந்த மனிதர் பத்து வருஷமாக அதை ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்கு மட்டுமே ஓட்டியவர். எஞ்சினுக்கும் அந்தப் பக்தி ஊறிவிட்டது. கீர்த்தனை பாடுகிற வேகத்துக்கு மேல் அது போனதில்லை. நான் வெங்காயச் சங்கத்தில் நிறுவைக்காரன். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைக் கேட்கவுமில்லை, நான் பள்ளிக்கூடத்தைக் கேட்கவுமில்லை. அந்த உத்தியோகத்துக்கு அந்த வேகம் போதும் என்றுதான் இருந்தேன். ஒரு இடத்தில்தான் இடறல். வல்லை வெளி. சோளகக் காற்று தொடங்கினால் காலையில் வேலைக்குப் போகும்போது அது நேரே முகத்தில் அடிக்கும். மரமில்லை, மதிலில்லை, இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீரும் வெறும் தரையும். முதலாம் கியரில் ஸ்கூட்டர் முனகிக்கொண்டு நிற்கும், றோட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போகும். பின்னேரம் திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். காலையில் சண்டை பிடித்துவிட்டுப் பின்னேரம் சமாதானத்துக்கு வருகிற சொந்தக்காரன் மாதிரி.

ஒருநாள் காலை அந்த வெளியில் வைக்கோல் ஏற்றின ட்ராக்ரர் ஒன்று என்னை முந்தியது. முந்தினது மட்டுமென்றால் பரவாயில்லை. காற்றுக்கு அதிலிருந்த வைக்கோல் பறந்து வந்து என் தலை, சட்டை, காது எல்லாம் அப்பிக்கொண்டது. சங்கத்துக்குப் போனபோது செல்லத்துரை, "மாடு ஒண்டு வாசலிலை நிக்குது, ஆராவது பிடிச்சுக் கட்டுங்கோ" என்றான். இரவு சாப்பாட்டில் இந்தக் கதையை நான் நடித்துக் காட்டினேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. நீ மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குந்தினாய். அதை நான் பார்த்தேன். பார்த்தும் விளங்கவில்லை. பிள்ளைகள் எதற்குச் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உனக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குப் பெரிய ஆக்கினையும் தொல்லையுமாகத்தான் பட்டது. நீ சோதினை இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் சில புள்ளிகளால் பல்கலைக்கழகக் கம்பஸ் தவறியிருந்த நேரம். மூன்றாம் தரத்துக்கு நல்லூரில் ரியூசன் பார்த்து வைத்திருந்தேன். நீயோ ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எஞ்சினைப் பிரித்துப் பழைய பேப்பரில் பரப்பிவிடுவாய். "உவன் படிக்கிறானோ, பிரிக்கிறானோ?" என்று அம்மா என்னைக் கேட்பாள், ஏதோ நான்தான் பிரித்தவன் மாதிரி. சீமைச் சாமான் ஒன்றும் வராத வருஷங்கள் அவை. ஒரு வளையம் வாங்கக்கூட வழியில்லை. தோட்டத்துத் தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்துகிற இராசையா அண்ணையின் கடைச்சல் பட்டறையில்தான் எல்லாம். எஞ்சினின் தலையை ஒரு மயிரளவு சீவினாய். சிலிண்டரில் பெற்றோல் வருகிற வாசலையும் புகை போகிற வாசலையும் அரத்தால் அராவி, கண்ணாடி போல மினுக்கினாய். திங்கள் காலை ஏழு மணிக்கு நான் சாப்பாட்டுப் பையோடு வந்து நிற்க, கடைசி ஆணியை முறுக்கிக்கொண்டு, "இந்தா முடிஞ்சுது அப்பா" என்பாய். ஒருநாளும் நான் பிந்தியதில்லை. அதையும் அப்போது நான் கவனிக்கவில்லை.

புகைக் குழாயை நீ வெட்டி எறிந்துவிட்டு, தகரத்தைக் கூம்பாக வளைத்துப் புதிதாக ஒன்று செய்த அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தொடக்கம் ஒடுங்கி, நடுவில் கர்ப்பிணி போல அகன்று, பிறகு திரும்பவும் ஒடுங்கின குழாய்.

"உதென்னடா, நாயனமோ?" என்றேன்.

"நாயனம் மாதிரித்தான் அப்பா. உள்ளுக்கை வந்த புது பெற்றோல் எரிய முதலே கொஞ்சம் புகையோடை சேர்ந்து வெளியிலை ஓடிப்போகுது. அதைத் திருப்பி உள்ளுக்கை அனுப்ப வேணும்."

"ஆர் அனுப்புறது?"

"சத்தம்."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். பகிடி விடுகிற முகமாகத் தெரியவில்லை.

"கிணத்துக்குள்ளை கூப்பிட்டால் சத்தம் திரும்பி வருதெல்லோ? அப்பிடித்தான். வெளியிலை போற சத்தம் இந்த ஒடுங்கின இடத்திலை பட்டுத் திரும்பி வரும். வாற நேரம் சரியாய் இருந்தால், வெளியிலை ஓட வெளிக்கிட்ட பெற்றோலை உள்ளுக்கை தள்ளிப்போட்டு நிக்கும். அவிட்டுக்கொண்டு ஓடின மாட்டை உள்ளுக்கை கலைச்சுப் படலையைச் சாத்திற மாதிரி. குழாயின்ரை நீளத்திலைதான் எல்லாம் கிடக்கு."

"விசர்க் கதை கதையாதை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஆனால் அன்று பின்னேரம் நீ இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போய், குனிந்து, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி வந்தது. இந்த வயது மட்டும் எத்தனை ஆயிரம் வாளி தண்ணீர் அள்ளியிருப்பேன், திரும்பி வருகிற சத்தத்தைப் பிடித்து வேலை வாங்கலாம் என்று ஒருநாள் எனக்குத் தோன்றவில்லையே என்று கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டேன். அம்மா வந்து, "ஆரைக் கூப்பிட்டனீங்கள்?" என்றாள். கயிறு பழுது பார்த்தேன் என்று சொன்னேன்.

இவ்வளவும் செய்து முடித்தபின்னும் நீ ஒரு மாதம் வேகமாக ஓடவில்லை. முதலில் பிறேக் கட்டைகளை மாற்றினாய். "நிக்கப் பழகாமல் ஓடப் பழகக் கூடாது அப்பா" என்றாய். எனக்குச் சொல்லித் தந்த வசனம் போலிருந்தது, அதனால் பிடிக்கவில்லை.

பிறகுதான் அந்தச் சண்டை. நீ கராச்சுக்கு வேலைக்குப் போகப் போகிறாய் என்றாய். நான் மூன்றாம் தரம் சோதினை எடு என்றேன். நான் கத்தினதெல்லாம் எழுத வேண்டாம், உனக்கு ஞாபகம் இருக்கும். என் மகன் எஞ்சினியர் என்று செல்லத்துரைக்கு முன்னால் சொல்லிப் பார்க்க எனக்கிருந்த ஆசையை உன் எதிர்காலம் என்ற பெயரில் கத்தினேன். கடைசியில் வாய் முந்திவிட்டது. "சரி. சோளகம் நல்லாய் அடிக்கிற நாளாய்ப் பார்த்து, என்னைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு, வல்லை முனியப்பரடியிலை இருந்து வெளி முடியிற அச்சுவேலித் தொங்கல் மட்டும் மூண்டாம் கியரிலை இருந்து இறக்காமல் ஓடிக் காட்டு. ஓடினால் நீ கராச்சுக்குப் போ. கியரை இறக்கினால் நல்லூருக்குப் போ." தனியாள் ஏறினாலே முதலாம் கியரில் முனகின வண்டி அது. இரண்டு பேரோடு, மேல் கியரில், அந்தக் காற்றில். நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன். நீ "உங்கடை நிறை எவ்வளவு அப்பா?" என்று மட்டும் கேட்டாய். மறுநாள் சங்கத்துத் தராசில் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னேன். நூற்று நாற்பத்திரண்டு இறாத்தல். நீ எழுதிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு ஒருநாள் இராசையா அண்ணை சந்தையில் கண்டு, "உம்மடை பெடியன் ஓடிக் காட்டுவான் ஐசே. நான் முப்பது வருஷம் மெசின் பாத்தனான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயந்த மனிதன் செய்கிற வேலையை நான் செய்தேன். இதைத்தான் இத்தனை வருஷமாக உனக்குச் சொல்லவில்லை. ஓட்டத்துக்கு முதல்நாள் சங்கத்திலிருந்து பதினாலு இறாத்தல் படிக்கல் இரண்டை வேலைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். தராசில் வைக்கிற இரும்புக் கல். மேலே சாப்பாட்டுப் பெட்டியை வைத்து மூடினேன். மகனே, இருபது வருஷம் நிறுவைக்காரனாக இருந்தேன். தோட்டக்காரனுக்கும் கள்ள நிறை நிறுத்ததில்லை, வியாபாரிக்கும் நிறுத்ததில்லை. தட்டில் ஒட்டின மண்ணைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் கல்லை வைப்பேன். என் ஆயுளில் நான் வைத்த கள்ள நிறை அது ஒன்றுதான். அதை உனக்கெதிராக வைத்தேன்.

காலையில் முனியப்பரடியில் எல்லா வாகனமும் நிற்பது போல நீயும் நிறுத்தினாய். திருநீறு எடுத்து முன் லைற்றுக்குப் பூசி, எனக்கும் நெற்றியில் பூசிவிட்டாய். "பையை முன்னுக்குக் கொளுவட்டோ அப்பா?" என்று கேட்டாய். "வேண்டாம், மடியிலை கிடக்கட்டும். சோறு சரிஞ்சுபோம்" என்றேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழி தொடங்க முதலே பயம். முனியப்பர் பக்கம் நான் திரும்பவேயில்லை. பிறகு நீ ஸ்கூட்டரை மதிலோடு சாத்திப் பிடித்து, "ஒருக்கால் ஏறி இருங்கோ. மதிலைப் பிடிச்சுக்கொண்டு காலைத் தூக்குங்கோ" என்றாய். பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி அடிமட்டத்தால் எதையோ அளந்தாய். திரும்பவும் ஒருதரம் அளந்தாய். கொப்பியில் எழுதினாய். ரயர்க் காற்றுப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். எழும்பி என்னை ஒருதரம் பார்த்தாய். "வெளிக்கிடுவமோ?" என்றாய்.

வெளிக்கிட்டோம். மூன்றாம் கியர் விழுந்ததும் அந்தக் குழாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை நான் கேட்டறியாத சத்தம். முனகல் இல்லை, இரைச்சலும் இல்லை, ஒரே சுருதியில் பிடித்த நாயனம். காற்று சுவர் மாதிரி எதிரே நின்றது. அந்தச் சுவருக்குள் நாங்கள் நுழைந்து போனோம். தந்திக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து, என்னைத் தாண்டிப் போயின. இத்தனை வருஷமாக நான் ஒவ்வொரு கம்பத்தோடும் குசலம் விசாரித்துப் போன றோட்டு அது. தண்ணீரில் நின்ற கொக்குகள் காற்றுக்குப் பறக்கப் பயந்து கழுத்தை ஒடுக்கி நின்றன, நாங்கள் பறந்தோம். வாத்தியாரின் அந்தச் சாதுவான ஸ்கூட்டருக்குள் இது எங்கே இருந்தது? புதிதாக நீ ஒன்றும் போடவில்லையே. தகரமும் அரமும் கொஞ்சம் கணக்கும். இருந்ததற்குள் இருந்ததைத்தான் எடுத்தாய்.

பாலம் தாண்டினதும் காற்று இன்னும் ஏறியது. சுருதி இறங்கத் தொடங்கியது. எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியாமலா இருக்கும். உன் இடது கை விரல்கள் கிளச்சின் மேல் வந்து நின்றன. இன்னும் பத்துப் பன்னிரண்டு கம்பம்தான். நீ திரும்பாமல் சொன்னாய்: "அப்பா, குனியுங்கோ. என்ரை முதுகோடை ஒட்டுங்கோ. காத்து உங்களிலை பிடிக்குது."

நான் நிமிர்ந்து இருந்தாலே போதும். கல்லுக்குக்கூட வேலை இல்லை. சும்மா, ஒன்றும் செய்யாமல், மரியாதையான மனிதன் போல நிமிர்ந்து இருந்தால் நீ தோற்றுவிடுவாய். அடுத்த கிழமை நல்லூரில் இருப்பாய். ஒரு கம்பம் தாண்டும் நேரம் நான் நிமிர்ந்துதான் இருந்தேன். அதையும் ஒளிக்கவில்லை. பிறகு குனிந்தேன். உன்னை நான் தூக்கித் திரிந்த காலத்துக்குப் பிறகு உன்னைத் தொட்டது அன்றுதான். கன்னம் உன் முதுகில் பட்டது. எஞ்சினும் உன் நெஞ்சும் ஒன்றாக அடிப்பது காதில் கேட்டது. சுருதி திரும்ப ஏறியது. விரல்கள் கிளச்சை விட்டு எழும்பின. அந்த நேரம் என் வாய்க்குள் ஒரு சொல் வந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

தொங்கலில் நிறுத்திவிட்டு, "ஓடிச்சுதெல்லோ அப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம். இண்டைக்குக் காத்துக் கொஞ்சம் குறைவு" என்றேன். நீ சிரித்தாய். கராச்சுக்குப் போனாய். அடுத்த நாளிலிருந்து அந்த ஸ்கூட்டரை என்னிடமே தந்தாய். ஓய்வு பெறும் மட்டும் ஒரு ட்ராக்ரரும் என்னை முந்தவில்லை. உனக்காக வேகம் கூட்டினாய் என்று நினைத்துத்தான் நான் கத்தியிருக்கிறேன்.

கொப்பிக்கு வருகிறேன். அதில் ஒரு பக்கத்தில் பட்டியல் போட்டிருக்கிறாய். வெங்காய மூட்டையைப் பின் சீற்றில் வைத்து, இத்தனை இறாத்தலுக்குப் பின் ஸ்பிரிங் இத்தனை இறங்கும் என்று. இருபது வருஷம் தராசு பிடித்தவன், தராசின்மேல் ஏறி இருப்பது தெரியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கியிருக்கிறேன். ஓட்டத்து நாளுக்கு எழுதியிருப்பது ஒரு வரிதான். "அப்பா 142. இன்று 172. காற்றுப் பலம். போகலாம்." படிக்கல் இரண்டும் இருபத்தெட்டு. மிச்சம் இரண்டை யோசித்து யோசித்து, பிறகுதான் விளங்கியது, அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டி. மகனே, சங்கத்துத் தராசுகூட அப்படிச் சரியாகச் சொல்லாது. ஆனால் நான் வாய்பிளந்து இருந்தது கணக்குக்கு இல்லை. வெளிக்கிட முதலே உனக்குத் தெரிந்திருக்கிறது. பையைத் திறவுங்கோ என்று நீ கேட்கவில்லை. வென்றபின் சொல்லிக் காட்டவில்லை. இத்தனை வருஷத்தில் கோபம் வந்த ஒரு பொழுதிலும் அதை எடுத்து என் முகத்தில் எறியவில்லை. போகலாம் என்று எழுதிவிட்டு என்னையும் என் இரும்பையும் ஏற்றிக்கொண்டு போனாய். இந்தப் பொறுமையை யாரிடம் படித்தாய்? என்னிடம் இல்லை, அது நிச்சயம்.

கலியாணம் செய்யப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம், அம்மா நச்சரிக்கிறாள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். பின்னுக்கு இருக்கிற ஆள் பாரத்தை ஒளித்துக்கொண்டு ஏறினால் கோபிக்காதே, பயந்து போய்த்தான் ஏற்றியிருக்கும். நீ பின்னுக்கு இருக்கிற நாள் வந்தால், உன் பாரத்தை ஏற முதல் சொல்லிவிடு. நாளைக்கு உன் பிள்ளை எதையாவது பிரித்துப் பேப்பரில் பரப்பினால், திங்கட்கிழமை ஏழு மணி மட்டும் பொறுத்திரு.

இனி அந்தச் சொல். குனிந்து, காது உன் முதுகில் இருக்க, மடியில் இருந்த இரும்பு என் வயிற்றை அழுத்த, உன்னைத் தோற்கடிக்க வந்த நான் அந்தக் காற்றுக்குள் வாயைத் திறந்தேன். காற்று வாயை நிறைத்துவிட்டது என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சாட்டுச் சொல்லி வந்தேன். அது பொய். சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். சொல்ல வந்தது இது:

"இறக்காதை மோனை. விடாமல் ஓடு."